பத்தொன்பது மாத்திரை

வெள்ளானூர், ஆவடி
29 நவம்பர், சனிக்கிழமை

அன்பு மகள் அகல்யாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போனது. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நான் நலம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

தினமும் இரண்டு வேளை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறார் என்று கோயம்புத்தூரில் உன்னையும் அம்மாவையும் தன் வீட்டில் வைத்திருக்கிற உன் ஷோபனா சித்தி சிரிப்பாள். சிரிக்கட்டும். மூன்று நாளாகப் போனில் சொல்லப் பார்த்தேன். எடுத்ததுமே நீ "சாப்பிட்டியாப்பா" என்று கேட்கிறாய். அதோடு என் வாய் அடைத்துப்போகிறது. வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால், அனுப்பிய பிறகும் அழித்துவிடுவதற்கு அதில் ஒரு வழி இருக்கிறது. என்னை எனக்குத் தெரியும், அழித்துவிடுவேன். கூரியர்காரனிடம் கொடுத்துவிட்டால் திரும்பி வராது. திங்கட்கிழமை காலையில் கோயம்புத்தூரில் உன் கைக்குக் கிடைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை நீ அந்தப் பெரிய டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இதை நீ படித்தே ஆக வேண்டும்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். புது பிளாட் கட்டுகிறவர்கள் மண்ணைக் கொட்டி உயர்த்தியதில் அவர்கள் தண்ணீரெல்லாம் நம் பக்கம் வருகிறது. மோட்டார் ஒரு நாள் மக்கர் செய்தது, சரிசெய்துவிட்டேன். அம்மாவின் கறிவேப்பிலைச் செடி நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல். தெருமுனை இட்லிக் கடை வேம்புலியம்மாள் தினமும் உன்னை விசாரிக்கிறாள். காலையில் அவள் கடை இட்லிதான் சாப்பிடுகிறேன். பாவம், கூட ஒன்று வைத்துத் தருகிறாள். நான்தான் பாதியை வைத்துவிடுகிறேன்.

சுற்றி வளைக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

அகல்யா, உனக்கு மறுபடியும் ரத்தம் போனதற்கு நீ காரணம் இல்லை. அந்த பஜ்ஜி காரணம் இல்லை. நான் காரணம்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பெருங்குடலில் புண் என்று தெரிந்து, அக்டோபர் பதின்மூன்றாம் தேதி அந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்தார்கள். இருபது மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆகமொத்தம் நாற்பது, இரண்டு வாரம். பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைக்க வேண்டும். குறைப்பதற்காகச் சின்ன மாத்திரை, ஐந்து மில்லிகிராம், தனியாக எழுதிக்கொடுத்தார்கள். "காலையில, சாப்பிட்ட பிறகு. எங்களைக் கேக்காம கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, திடீர்னு நிறுத்தவே கூடாது" என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சீட்டில் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டவனும் நான்தான்.

நீ காலையில் அரக்கப்பரக்க அம்பத்தூர் ஆபீசுக்கு ஓடுகிறவள். அதனால் ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே மாத்திரையை உரித்துப் போட்டுவைத்தேன். "எங்கப்பா முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்டர், அவர் கைக்குத் தப்பு வராது" என்று நீ ஆபீஸ் தோழிகளிடம் சொன்னாயாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு கம்பெனியில் உருப்படிகளை அளந்து பார்க்கிற வெர்னியரும் மைக்ரோமீட்டருமாகவே என் காலம் போனது உண்மைதான். ஆத்தில் போட்டாலும் அளந்து போடு என்று புதுப் பையன்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அளந்துபோடு என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் ரத்தம் நின்றது. உனக்குப் பசி எடுத்தது. தீபாவளிக்குச் சிரித்துக்கொண்டு மத்தாப்பு கொளுத்தினாய். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் உன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து வேம்புலியம்மாள் கேட்டாள்: "இன்னா சார், பாப்பா மூஞ்சி உப்பிகினு கீது? நீர் கோத்துகிச்சா?" அவள் மனதில் ஒன்றுமில்லை, அக்கறையில் கேட்டாள். எனக்கு அது ஊசியாக இறங்கியது. ஏனென்றால் நவம்பர் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கரையான்சாவடியிலிருந்து அஸ்வின் வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு வந்த வியாதியைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே வெட்கம். அல்சர் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தேன். நீ போனில் ரத்தம் என்ற வார்த்தையைச் சொன்னால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். நம் தெரு மருந்துக் கடையை விட்டுவிட்டு, முகம் தெரியாத கடையாகப் பார்த்து ஆவடி வரைக்கும் போய் மாத்திரை வாங்கினேன். அஸ்வினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக நீ சொன்னபோது, நிச்சயம் முடியட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று அதட்டினேன். இருபத்தெட்டு வயசுப் பெண், நீ சம்பாதிக்கிறவள். எழுந்து உள்ளே போனாய்.

போதாக்குறைக்கு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று கத்துகிற வீடியோக்களை ராத்திரி பகலாகப் பார்த்தேன். எலும்பு போகும், சர்க்கரை வரும் என்றார்கள். அதற்குத்தானே டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதினார், ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். அதெல்லாம் தெரிந்தும் என் புத்தி இப்படிக் கணக்குப் போட்டது: எப்படியும் குறைக்கப்போகிற மாத்திரைதானே, கொஞ்சம் முன்னதாகக் குறைத்தால் என்ன?

கம்பெனி வரைபடத்தில் இத்தனை மைக்ரான் கூடலாம், குறையலாம் என்று எழுதியிருக்கும். அதற்குள் இருந்தால் பாஸ். டாக்டர் சீட்டிலும் அப்படி ஒரு இடம் இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அந்தச் சீட்டில் அப்படி எதுவும் எழுதியில்லை.

அக்டோபர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. மறுநாளிலிருந்து உனக்கு முப்பத்தைந்து. பெரிய மாத்திரை ஒன்று, சின்னது மூன்று. நான் பெரியதை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் சின்னதையே வைத்தேன். எண்ணினால் நாலு சரியாக இருக்கும். உள்ளே போனது இருபது. அடுத்த வாரம் முப்பதுக்குப் பதிலாகப் பதினைந்து. அதற்கடுத்த வாரம் இருபத்தைந்துக்குப் பதிலாகப் பத்து. எடுத்து வைத்த பெரிய மாத்திரைகளை, நீ டப்பா மாத்திரையை விழுங்கிய நாளுக்கு ஒன்றாக, என் வெர்னியர் வைக்கிற மரப்பெட்டிக்குள் போட்டேன். அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

நீ ஒரு தடவை கேட்டாய். தோசையைத் தின்றுகொண்டே டப்பாவைக் கையில் வைத்துப் பார்த்து, "எல்லாம் ஒரே சைஸா இருக்கேப்பா" என்றாய். "வேற கம்பெனிம்மா, பவர் அதேதான்" என்று சொன்னேன். நீ தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டாய். மறுபடி கேட்கவே இல்லை.

மற்றதெல்லாம் முட்டாள்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதை எந்தப் பெயர் சொல்லி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

நவம்பர் பதினான்காம் தேதி ஆபீஸ் பாத்ரூமில் மயங்கி விழுந்தாய் என்று போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் சுடிதாரெல்லாம் ரத்தம். டாக்டர் உன்னைப் பார்த்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று கேட்டார். "ஒரு நாள்கூட விடல டாக்டர், அப்பாதான் எடுத்து வச்சுத் தருவாரு" என்று சொல்லிவிட்டு நீ என் பக்கம் திரும்பினாய். சாட்சிக்குத் திரும்பினாய் அகல்யா. அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "மாத்திரையெல்லாம் சரியாத்தான் போகுது டாக்டர். வெளியில கண்டதையும் சாப்பிடுறா."

உடனே நீ அழ ஆரம்பித்தாய். மழை பெய்த அன்றைக்கு எல்லோரும் வற்புறுத்தியதால் ஒரே ஒரு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டதாக ஒப்புக்கொண்டாய். அம்மா அந்த இடத்திலேயே உன்னைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிரைப் பார்த்து நீ ஏன் வளரவில்லை என்று கேட்டதுபோலத்தான். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஒரு பஜ்ஜிக்காக நீ எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நேற்றுகூடப் போனில், என்னால்தான் உனக்கு இவ்வளவு அலைச்சல் அப்பா என்றாய்.

அஸ்வின் வீட்டாரிடம் அல்சர் என்று சொல்லிப் பதினாறாம் தேதியைத் தள்ளிவைத்தேன். ஊசி போட்டு ஐந்து நாளில் ரத்தம் அடங்கியதும் எனக்கு உயிர் வந்தது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசு உடனே ஒரு சாக்குத் தேடிக்கொண்டது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த நர்ஸ் பெண் மாத்திரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். இதைச் சில வாரம் சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் தூங்கிப்போகுமாம். மெதுவாகக் குறைத்தால்தான் அது எழுந்திருக்குமாம். சட்டென்று கையை எடுத்தால் ஆளே சாய்ந்துவிடலாம் என்றாள். நான் பில்லைப் பார்ப்பதுபோல் குனிந்து நின்றேன்.

பெரிய டாக்டரைப் பார்க்க உன்னை அம்மாவோடு கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு நான் இங்கே இருந்துவிட்டேன். அப்புறம் இந்த வாரம் இரண்டு விஷயம் நடந்தது.

செவ்வாய்க்கிழமை அம்மா போன் செய்தாள். கோயம்புத்தூர் டாக்டர் இங்கிருந்து போன காகிதங்களைப் பார்த்தாராம். இருபத்தைந்து மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே புண் திரும்பக் கிளம்பியிருக்கிறது, ஆக இந்த மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை என்று சொன்னாராம். அடுத்தது பெரிய ஊசி மருந்து, அதற்கும் கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுத்துவிடுவது, இரண்டாம் தேதி உட்கார்ந்து முடிவெடுக்கலாம் என்றாராம். அம்மா பேசிக்கொண்டே அழுதாள். காகிதத்தில் இருக்கிற அந்த இருபத்தைந்து பொய் என்று உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். உள்ளே போனது பத்து.

மறுநாள் சாயங்காலம் அஸ்வின் வந்தான். முழங்கால் வரை பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்திருந்தான். வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது உன்னோடு தானும் இருக்கலாமா என்று கேட்டான்; அப்பாவைக் கேளுங்கள் என்று நீ சொன்னாயாம். அல்சருக்கு எதற்குத் தம்பி இவ்வளவு தூரம் என்று அப்போதும் மழுப்பினேன். பார், அப்போதும்.

அவன் சங்கடமாகச் சிரித்தான். "அங்கிள், அவங்க எனக்கு அக்டோபர்லயே எல்லாம் சொல்லிட்டாங்க. மாத்திரையால மூஞ்சி உப்பியிருக்கு, குறைக்கக் குறைக்கச் சரியாயிடும்னு போட்டோவே அனுப்பினாங்க" என்று போனைக் காட்டினான். தீபாவளிப் புடவையில் கன்னத்தை இன்னும் உப்பிக்கொண்டு சிரிக்கிறாய். கீழே, இதுதான் இப்போதைய மூஞ்சி, சம்மதமா என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அவன் தன் அம்மாவிடமும் காட்டிவிட்டதாகப் பதில் போட்டிருந்தான். தேதியைப் பார்த்தேன். அக்டோபர் இருபத்து நான்கு. நான் முதல் மாத்திரையை மாற்றியதற்கு இரண்டு நாள் முன்பு.

யாரிடமிருந்து உன் முகத்தை மறைக்க உன் மருந்தை எடுத்தேனோ, அவர்கள் அந்த முகத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டுத்தான் பதினாறாம் தேதி வருகிறோம் என்றார்கள். அந்த முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டவன் நான் ஒருவன்தான். நீகூட வெட்கப்படவில்லை.

அவன் போனதும் மரப்பெட்டியைத் திறந்து எண்ணினேன். பத்தொன்பது. நாளும் பத்தொன்பது. கணக்கு மட்டும் பிசகவில்லை.

அஸ்வினிடம் போகலாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ராத்திரி ரயிலில் வருகிறான். அவனிடம் நான் செய்ததைச் சொல்லவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவள் நீ. அதற்குப் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் சொல். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. அவளுக்கென்று தனியாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. உன்னைத் திட்டியதற்காக அவள் ரொம்ப வேதனைப்படுவாள். அவளைச் சமாதானம் செய், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இதோடு டாக்டருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சீட்டில் இருந்தது எவ்வளவு, உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். முதலில் உன்னைப் பார்த்த அம்பத்தூர் டாக்டருக்கும் இதே தாளை இன்று நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளைக் கோப்பில் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோயம்புத்தூர் டாக்டருக்குத் தானே போன் செய்வதாகச் சொன்னார். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவர்கள் ஊசிதான் என்று சொல்லலாம், மாத்திரையையே மறுபடி முறையாகப் பார்க்கலாம் என்றும் சொல்லலாம். எதுவானாலும் அது சரியான அளவைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும். தப்பான ரீடிங்கை வைத்து ஒரு சாதாரண வால்வைக்கூட நான் தள்ளுபடி செய்ததில்லை.

தாளின் கடைசி வரி இது: "என் மகள் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. அளவை மாற்றியவன் நான்." அதன் கீழே முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சர்வீசில் ஒரு பொய் ரிப்போர்ட்டில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமை அடித்திருப்பேன். அந்தப் பெருமையெல்லாம் போய்விட்டது. இந்த ஒரு கையெழுத்தாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

இனிமேல் உன் மாத்திரையை நீயே எடுத்துப் போடு. சீட்டைப் பார்த்து, அட்டையில் இருக்கிற பவரைப் படித்து, வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்ட பிறகு போடு. பல் டாக்டரிடம் போனால்கூட இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடு. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் பொறுத்துப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் சொல். சீட்டை எப்போதும் கைப்பையில் வைத்திரு. முகம் உப்பினால் உப்பட்டும். யார் என்ன சொன்னாலும், பெற்ற அப்பனே சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடக் குறைக்காதே. இதையெல்லாம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உன் முகம் எப்படி இருந்தாலும் அது அழகான முகம். அதை நான் அக்டோபரில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள், அகல்யா. செவ்வாய்க்கிழமை போன் செய்யத் தோன்றினால் செய். தோன்றாவிட்டால், டாக்டர் சொன்னதை மட்டும் அஸ்வினை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல். நீயே செய்வதாக இருந்தால், எடுத்ததும் சாப்பிட்டியாப்பா என்று மட்டும் கேட்காதே. உன் மனசு ஆறி அதை நீ மறுபடி எப்போது கேட்பாயோ, அதுவரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உன் அப்பா
ஜெயராமன்